எனக்கு யாருங்க லைன் கிளியர் குடுக்கறது

அந்த ஜன்னலைச் சித்தெத் தள்ளி உடுங்க தம்பி. காத்து வரட்டும். குமட்டுதுங்க. பஸ்ஸுல வர்ற குமட்டல் இல்லீங்க, முப்பத்தி நாலு வருசம் கம்பத்து மேல நின்னவன் நானு, எனக்குத் தலைசுத்தல் கிறுகிறுப்பு எல்லாம் கிடையாது. இது மனுசனுங்களைப் பாத்து வர்ற குமட்டல். மூணு வாரமா இருக்குது. காலையில இட்லியப் புட்டு வாயில வெச்சா அந்த லோகு மூஞ்சி நெனப்புல வரும், அப்படியே தட்டைத் தள்ளி வெச்சுருவேன்.

நீங்க காந்திபுரமுங்களா? டிக்கெட் எடுக்கறப்பக் காதுல உழுந்துச்சு. நானும் கோயமுத்தூருக்குத்தானுங்க போறேன். பதினொரு மணிக்கு விசாரணை. லோகுவோட ட்ரோன் லைசென்ஸை எடுத்துப் போடறதா வேண்டாமான்னு இன்னைக்கு முடிவு பண்றாங்க. அவன் ஸ்டுடியோக்காரன், கண்ணாலத்துக்கெல்லாம் மேல இருந்து படம் புடிக்கறவன். அவன் ட்ரோன் வண்டியப் போலீஸ் ஸ்டேஷன்ல பூட்டி வெச்சிருக்காங்க. ஆவணி முகூர்த்தம் பூராப் போயிருமுன்னு ஊரெல்லாம் அழுதுட்டுத் திரியறான். நாப்பது வயசு ஆம்பளைங்க, அழுவறான். கண்ணுல பாக்கவே அருவருப்பா இருக்குது.

பேரு சென்னியப்பனுங்க. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். மேட்டுவலவு ட்ரோன் சங்கத்துக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர். பொறுப்பாளரா இருந்தேன்னு சொல்லோணும். போன வாரம் வாட்ஸ்அப் குரூப்புல இருந்து தூக்கீட்டானுங்க. நான் ஆரம்பிச்ச குரூப்புங்க அது. ஒரு வார்த்தை கேக்கல. பதினாலு பேர் இருக்கறானுங்க, ஒருத்தன் வாயத் தொறந்து ஏனுங்கண்ணான்னு கேக்கல. சீ, என்ன பொழப்பு இது.

முன்னால பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. பச்சைச் சீலை, வலது கையில கட்டு. அதுதான் எங்கூட்டுக்காரம்மா, துளசிமணி. ஏன் அங்க தனியா உக்காந்திருக்குதுன்னுதானே பாக்கறீங்க? எனக்கும் தெரியலீங்க. மூணு வாரமா என்றகூடப் பேச்சே இல்ல. சோறு போடும், துணி மடிச்சு வெக்கும், பேசாது. பயந்து போச்சுங்க. கோயில் கும்பாபிசேகத்தன்னைக்கு ஹெலிகாப்டர்ல இருந்தாளுங்க அவ. அந்த லோகு பண்ணின வேலையில ஆடிப் போச்சு. அதுக்கும் சேத்துத்தான் இன்னைக்கு நான் விசாரணைக்குப் போறது.

மொதல்ல இருந்து சொல்றேன். வழி நெடுக வேற என்ன சோலி நமக்கு.

நான் ரிட்டையர் ஆனப்ப சிங்கப்பூர்ல இருக்கற என்ற பொண்ணு ஒரு ட்ரோன் வாங்கிக் குடுத்துச்சுங்க. சும்மா ஈசிச்சேர்ல கெடக்காதீங்கப்பான்னு. பறக்க உட்டுப் பாத்தேன், புடிச்சுப் போச்சு. நான் முப்பத்தி நாலு வருசம் கம்பத்துல ஏறிப் பாத்த ஊரை, கீழ நின்னுட்டே பாக்கலாமுங்க. அப்புறம் ஊருக்குள்ள விசாரிச்சா அங்கங்க ஒருத்தன் வெச்சிருக்கறான். ஒருத்தனுக்கும் ஒரு ஒழுங்கு கிடையாது. ஒருத்தன் டவர் லைனுக்கு நடுவுல உடறான். ஒருத்தன் பக்கத்து ஊட்டு மொட்டை மாடிக்கு மேல நிறுத்தறான். வெக்கங்கெட்டவனுங்க. இவனுங்களை எல்லாம் ஒண்ணாச் சேத்து சங்கம் வெச்சதே நானுங்க.

சங்கத்துல மொத நாள் நான் சொன்ன மொதப் பாடம் என்ன தெரியுங்களா? ஆள் உக்காந்து வர்ற வண்டிக்கு ஆள் இல்லாத வண்டி வழி உடோணும். விமானமோ, ஹெலிகாப்டரோ, சத்தம் கேட்டா உடனே எறக்கீறோணும். நம்முளுது உடைஞ்சா பிளாஸ்டிக்கு, அவங்களுது உடைஞ்சா உசுரு. ரெண்டாவது பாடம், செல்போன் ஸ்கிரீனைப் பாத்துட்டு ஓட்டக் கூடாது, ஆகாசத்தைப் பாத்து ஓட்டோணும். ஸ்கிரீன்ல முன்னால இருக்கறது மட்டுந்தான் தெரியும். பக்கத்துல வர்றது தெரியாது. இதைத் தெருவுல போறவனை நிறுத்திக் கூடச் சொல்லியிருக்கறேன்.

மூணாவதுதான் பெரிசு. லைன் கிளியர். கேள்விப்பட்டிருக்கறீங்களா? கரண்டு கம்பத்துல ஏறறவன் சும்மா ஏற முடியாதுங்க. கரண்டை நிறுத்தியாச்சு, இனி ஏறலாம்னு ஒருத்தர் எழுத்துல குடுக்கோணும். அதுக்குப் பேருதான் லைன் கிளியர். வேலை முடிஞ்சு எறங்கி, எறங்கீட்டேன்னு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுத்தாத்தான் மறுபடியும் கரண்டு உடுவாங்க. அந்தக் காயிதம் இல்லாம ஏறிச் செத்தவனுங்களை என்ற கையால எறக்கியிருக்கறேன். அதனால சங்கத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். பேரு, மேல போன நேரம், எறங்கின நேரம், கையெழுத்து. நான் லைன் கிளியர் குடுக்காம ஒருத்தன் ரெக்கை சுத்தக் கூடாது. நாலு வருசமா ஒரு சின்னக் கீறல் கூட ஆனதில்லீங்க.

என்ற பேரா? என்ற பேரு நோட்டுல எதுக்குங்க? எனக்கு யாருங்க லைன் கிளியர் குடுக்கறது? குடுக்கறவனே நானு.

நாலாவது பாடம் ஒண்ணு இருக்குது, கூட்டாளி. ஒருத்தன் ஓட்டறப்ப இன்னொருத்தன் பக்கத்துல நின்னு ஆகாசத்தையே பாத்துட்டிருக்கோணும். எனக்குக் கூட்டாளி துளசிதானுங்க. ஞாயித்துக்கெழமையானா ஏரிக்கரைக்கு ரெண்டு பேரும் போயிருவோம். அவ தலையில துண்டைப் போட்டுட்டு அண்ணாந்தே நிப்பா. கொக்கு வருதுங்க, கம்பி இருக்குதுங்கன்னு சொல்லீட்டே இருப்பா. காத்துல சொன்னாக் கேக்காதுன்னு சைகை வெச்சிருந்தோம். கையை விரிச்சுக் கீழ, கீழன்னு ஆட்டினான்னா உடனே எறக்கீறோணும். என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது. நாலு வருசமா எனக்குக் கண்ணு அவதானுங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். எங்கூரு கரிவரதராசப் பெருமாள் கோயிலுக்குப் பதினேழு வருசங் கழிச்சு ஆனி மாசம் கும்பாபிசேகம். கமிட்டித் தலைவர் வையாபுரி, மில்லுக்காரரு. அவருக்கு எதுனாலும் பக்கத்து ஊரை உடப் பெரிசா இருக்கோணும். பக்கத்து ஊர்ல ட்ரோன்ல தீர்த்தம் தெளிச்சாங்களாமா, அதனால இவரு ஹெலிகாப்டர்ல பூப் போடோணும்னுட்டாரு. கோபுரத்துக்கு மேல ரெண்டு சுத்துச் சுத்திக் கூடை கூடையாச் செண்டுமல்லி. சாமிக்கா? போஸ்டருக்குங்க. தெருவெல்லாம் இவரு மூஞ்சி, மேல ஹெலிகாப்டரு, ஓரத்துல தபால்தலை அளவுக்குப் பெருமாளு. நெனச்சாலே எரிச்சலா வருது.

நான் ஒழுங்கா நடந்துக்கிட்டனுங்க. பைலட்டு மொத நாளே வந்துட்டாரு, பெங்களூர்க்காரரு, பட்டாளத்துல ஓட்டினவராம். நானே தேடிப் போயிப் பாத்தேன். எங்க சங்கத்துல ட்ரோன் இருக்குதுங்க, எப்ப எப்ப நாங்க எறக்கி வெக்கோணும்னு சொல்லுங்கன்னு கேட்டேன். அரைகுறைத் தமிழ்ல சொன்னாரு, ஒம்போதரையில இருந்து பத்து மணி வரைக்கும் ஆகாசத்துல எனக்குக் காக்கா கூட வேண்டாம்னு. சரிங்க, என்ற பொறுப்புன்னு கை குடுத்துட்டு வந்தேன். வந்த கையோட குரூப்புல போட்டேன். அன்னைக்கு லோகு ஒருத்தனுக்குத்தான் லைன் கிளியரு, கமிட்டி வீடியோவுக்கு. அவனும் ஒம்போதரைக்குள்ள எறக்கீறோணும். மத்த பதிமூணு பேரும் வண்டிய ஊட்டுலயே வெச்சுட்டு வரோணும். அத்தனை பேரும் கையெடுத்துக் கும்புடற பொம்மை போட்டானுங்க. இன்னைக்கு அதே கையால என்னைத் தூக்கிப் போட்டானுங்க.

ஹெலிகாப்டர்ல பைலட்டு போக ரெண்டு பேருக்கு எடம். ஒண்ணு வையாபுரிக்கு. இன்னொண்ணு பூக் கட்டின பொம்பளைங்கள்ல ஒருத்தருக்குன்னு குலுக்கல் போட்டாங்க. எங்கூட்டுக்காரம்மா பேரு வந்துருச்சுங்க. கோயில் நோம்பியில ராட்டினம் ஏறச் சொன்னாலே வேண்டாங்கறவ அவ. நான்தான் சொன்னேன், போ புள்ள, நான் கீழ இருக்கறனல்ல, ஒண்ணும் ஆகாதுன்னு. அன்னைக்குக் காலையில ஹெலிகாப்டர் நிக்கற பள்ளிக்கூட மைதானத்துக்குப் போறதுக்கு முன்னால என்னைக் கேட்டா, நீங்க இன்னைக்குப் பறக்க உட மாட்டீங்கல்லன்னு. நான் சிரிச்சேன். ஏம்புள்ள, சட்டம் போட்டவனே நானுன்னேன். புதுச் சீலை கட்டியிருந்தா. இந்தப் பச்சைதானுங்க.

ஒம்போதேகாலுக்கு முகூர்த்தம் ஆரம்பம். கோபுரத்துல சாரங் கட்டி மேல பட்டருங்க குடத்தோட நிக்கறாங்க. லோகு ஒம்போது இருவத்தஞ்சுக்கே எறக்கீட்டான். நோட்டுல கையெழுத்துப் போட்டான், நான் பாத்தேன். அதெல்லாம் மறைக்கல. தேர் நிக்கற தேர்முட்டிக்குப் பக்கத்துல துண்டை விரிச்சு அது மேல வண்டிய வெச்சுட்டு உக்காந்துட்டான்.

எறக்கீட்டான். ஆனா மறுபடியும் ஏத்தலைன்னு யாருங்க பாத்தது?

இருங்க, அவசரப்படாதீங்க. இப்பத்தான் விசயமே வருது. கும்பாபிசேகம்னா கருடன் வரோணுமல்லங்க. மேல கருடன் வட்டம் போட்டாத்தான் பட்டரு கொடி அசைப்பாரு, அப்பறந்தான் குடத்துத் தண்ணி ஊத்துவாங்க. அன்னைக்குன்னு பாத்துக் கருடனைக் காணம். ஒம்போதரை ஆச்சு, காணம். ஒம்போது முப்பத்தஞ்சு, காணம். பத்தாயிரம் பேர் அண்ணாந்து நிக்கறாங்க. ரெண்டு செட்டு நாதஸ்வரம், பம்பை உருமி, நிமிசத்துக்கொரு அதிர்வேட்டு, மைக்குல ஒருத்தன் கோவிந்தா போட்டுத் தொண்டை கிழியறான். எப்படி வருங்க கருடன்? அந்தச் சத்தத்துக்கு மனுசனே ஓடீருவான்.

நான் கணக்குப் போட்டேன். கருடன் வரல, தண்ணி ஊத்தல. தண்ணி ஊத்தாம எவனாவது பூப் போடுவானுங்களா? நம்ம ஊர்ல ஒரு கொழந்தையக் கேட்டாலும் சொல்லும். ஆக, ஹெலிகாப்டர் வர எப்படியும் காமணி நேரம் இருக்குது. அந்தக் காமணி நேரத்துல ஆகாசம் சுத்தமா இருக்குதா, எவனாவது திருட்டுத்தனமா ட்ரோன் உட்டிருக்கறானான்னு பாக்கோணுமல்ல? பொறுப்பு என்றது. கை குடுத்திருக்கறேன். பாக்கறதுக்கு என்னை உட்டா ஆளு யாரு? அதனால என்ற வண்டிய மேல உட்டேன்.

ஆமாங்க, உட்டேன். பறக்கறதுக்கு இல்லீங்க, சோதனைக்கு. போலீஸ்காரன் ஒன்வேயில போறதில்லீங்களா?

சரி, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. இன்னொரு நெனப்பும் இருந்துச்சுங்க. அவ வாழ்க்கையில மொதத் தடவையும் கடைசித் தடவையுமா ஆகாசத்துல போறா. பூப் போடறப்ப அவ மூஞ்சிய ஒரு ரெண்டு நிமிசம் படம் புடிச்சு, சிங்கப்பூருக்கு அனுப்பலாம்னு. லோகு புடிக்கலாம்ல, அவனும் எறக்கீட்டான். தூரத்துல, ஒரு ஓரமா நிறுத்தி வெச்சு, ஹெலிகாப்டர் வர்றது தெரிஞ்சதும் ரெண்டே நொடி எடுத்துட்டு எறக்கீறலாம்னு. அது தப்புங்களா? முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் பண்ணியிருக்கறோம்.

அந்தப் பைலட்டு என்ன பண்ணினாரு தெரியுங்களா? மணியப் பாத்துட்டு வந்துட்டாருங்க. ஒம்போதே முக்கால்னு சொல்லியிருந்தா ஒம்போதே முக்காலுக்கு வந்து நிக்கறாரு. கருடனும் இல்ல, கொடியும் இல்ல, குடம் கையிலயே இருக்குது, இவரு பூவோட வர்றாரு. ஒரு சாங்கியம் தெரியாதுங்களா? கேட்டா, திரும்பிப் போறதுக்கு நேரங் குடுத்திருக்காங்களாமா. வெளியூர்க்காரனைக் கூட்டியாந்தா இதுதான். அதும் எவ்வளவு கீழ வந்தாரு தெரியுங்களா? நூத்தம்பது அடி. நானூறு அடிக்குக் கீழ ட்ரோன் பறக்கற எடமுங்க. எங்க எடம். எங்க எடத்துக்குள்ள அவரு வந்துட்டு, நாங்க குறுக்க வந்தோம்னு எழுதிக் குடுத்திருக்கறாரு.

சத்தமா? எங்கீங்க கேக்குது, அந்த வேட்டுல. எனக்குக் கேக்கவே இல்ல. கூட்டாளி இருந்தாச் சொல்லியிருப்பா. கூட்டாளி மேல இருந்தா.

அப்பறம் என்ன. ஹெலிகாப்டர் வெடுக்குனு ஒரு பக்கமாச் சாஞ்சுது. ஊரே ஐயோன்னுச்சு. கோபுரத்துக்குப் போக வேண்டிய பூவு பூரா அன்னதானப் பந்தல்ல கொட்டி, கூடையோட சாம்பார் அண்டாவுல உழுந்துச்சு. அதையும் அரிச்சுட்டு ஊத்தினானுங்க, தின்னானுங்க. செண்டுமல்லி மெதக்குது சாம்பார்ல, வரிசையில நின்னு வாங்கித் தின்னானுங்க. அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க இந்தக் குமட்டல். பைலட்டு ரெண்டாவது சுத்து வரல, அப்படியே போயிட்டாரு. அவ கையக் கதவுக்கு வெளிய நீட்டியிருந்தாளாமா, சாஞ்ச வேகத்துல மணிக்கட்டுப் பெசகிப் போச்சு. இன்னுங் கொஞ்சம் சாஞ்சிருந்தா சாரத்துல மோதியிருக்கும்னு பைலட்டு எழுதியிருக்கறாரு. பத்தாயிரம் பேர் கீழ. நெனச்சுப் பாருங்க. அந்த லோகுவை என்ன பண்ணினாத் தகுமுங்க?

லோகுதானான்னு கேக்கறீங்களா? வேற யாருங்க? அன்னைக்கு நோட்டுல இருந்த பேரே அவன் ஒருத்தன் பேருதான். பறந்ததா எழுத்துல இருக்கறது அவன் மட்டுந்தான். போலீஸ் வந்து பாதுகாப்புப் பொறுப்பாளர் யாருன்னாங்க, நானுன்னேன். அறிக்கை எழுதிக் குடுங்கன்னாங்க, எழுதிக் குடுத்தேன். நான் உள்ளத எழுதினேன். லைன் கிளியர் வாங்கினவர் லோகநாதன். அவ்வளவுதான். அவரு எறக்கலைன்னு நான் எழுதலீங்க. எறக்கினாருன்னும் எழுதல.

நோட்டா? நோட்டு அன்னைக்குத் தீர்த்தத்துல நனைஞ்சு போச்சுங்க. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டுப் புதுசா ஒரு பக்கம் எழுதினேன். எறங்கின நேரம் சரியா ஞாபகம் இல்லாததால அந்தக் கட்டத்தைச் சும்மா உட்டுட்டேன். தெரியாதத எழுதறது தப்பல்லங்க. இந்தப் பையில இருக்குது, இன்னைக்குக் குடுக்கோணும்.

அவன் என்னமோ தேர்முட்டிக்கிட்டயே உக்காந்திருந்தேங்கறான். யாரு பாத்தது? ஊர்ல ஒருத்தன் கீழ பாக்கல. அத்தனை பேரும் கருடனைத் தேடி அண்ணாந்து நின்னாங்க. ஒரு சாட்சி சொல்லச் சொல்லுங்க பாக்கலாம். அவன் சம்சாரம் எங்கூட்டு வாசல்ல வந்து நின்னுட்டு, அண்ணா நீங்க சொன்னா உட்டுருவாங்க, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கால்ல உழப் பாத்துச்சு. எனக்குக் கூசிப் போச்சுங்க. துளசிதான் உள்ளாற கூட்டிட்டுப் போயி ஒத்தைக் கையால காப்பி போட்டுக் குடுத்தா. ரெண்டு பேரும் என்ன பேசினாங்கன்னு தெரியல. அன்னையில இருந்துதான் இன்னும் மோசம்.

பைலட்டு அறிக்கையில ஒரு வரி இருக்குது, அதத்தான் குரூப்புல அத்தனை பேரும் புடிச்சுத் தொங்கறானுங்க. ஆரஞ்சுக் கலர்ல ஒண்ணு குறுக்க வந்துச்சுன்னு எழுதியிருக்கறாரு. லோகு வண்டி சாம்பல் கலருங்க. என்ற வண்டிக்குத்தான் நான் ஆரஞ்சுப் பெயிண்ட் அடிச்சிருக்கறேன். ரோட்டு வேலைக்காரங்க சட்டை மாதிரி. எதுக்கு அடிச்சேன்? பாதுகாப்புக்கு. தூரத்துல வர்றவனுக்குப் பளிச்சுன்னு தெரியட்டும்னு. வேற எவனாவது அடிச்சானா? அதுக்கு இதுதானுங்க பலன். செண்டுமல்லி என்ன கலருங்க? ஆரஞ்சுதானே? கூடை கூடையா ஆரஞ்சுப் பூவை வெச்சுட்டுப் பறக்கறவனுக்குப் பாக்கறதெல்லாம் ஆரஞ்சாத்தான் தெரியும். நான் சொல்றது சரிதானுங்களே?

டிக்கெட்டை எதுக்குத் தம்பி சுருட்டிக்கிட்டே இருக்கறீங்க? பையில வைங்க.

துளசிக்கும் தனியா ஒரு கடுதாசி வந்துச்சுங்க, விசாரணைக்கு வரச் சொல்லி. ஹெலிகாப்டர்ல இருந்தவளாச்சே. என்றகிட்டக் காட்டல. நேத்து அவளை உக்கார வெச்சு நான் நிதானமாச் சொல்லிக் குடுத்தேன். சாம்பல் கலர்ல என்னமோ வந்துச்சுன்னு சொன்னாப் போதும், அதுக்கு மேல ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம், பயத்துல கண்ண மூடிட்டேன்னு சொல்லுன்னேன். கேட்டுட்டே இருந்தா. கொய்யாப்பழம் அரிஞ்சுட்டிருந்தா, இடது கையால.

இந்த வீடியோவைப் பாருங்க. யாருக்கும் காட்டலீங்க இன்னும். சிங்கப்பூருக்குக் கூட அனுப்பல. நீங்க வெளியாளு, நீங்களே சொல்லுங்க எவ்வளவு அழகா வந்திருக்குதுன்னு. இந்தாங்க, கையில புடிங்க, வெய்யில் படாமப் புடிங்க.

இது கோபுரம். இதா, பட்டருங்க. குடம் தெரியுதுங்களா? இந்தா, இப்ப வருது பாருங்க ஹெலிகாப்டரு, மூலையில. ஸ்கிரீன்ல அது வந்ததுமே நான் அப்படியே மெய்மறந்து போயிட்டனுங்க. எவ்வளவு தெளிவு. கதவைக் கழட்டி வெச்சிருக்காங்க, பூப் போடறதுக்கு. உள்ள பச்சைச் சீலை, அவதான். மடியில கூடை. பெரிசாகிட்டே வருதல்லங்க? நல்லாத் தெரியட்டும்னு கொஞ்சம் கிட்டக்கப் போனேன். இதா பாருங்க, இங்க, நேரா நம்மளையே பாக்கறா. கேமராவுக்கே போஸ் குடுத்த மாதிரி. இப்பக் கூடைய உட்டுட்டுக் கையை வெளிய நீட்டறா. பாத்தீங்களா? கையை விரிச்சுக் கீழ, கீழன்னு ஆட்டறா. பூவை அப்படித்தான் தூவோணும்னு நெனச்சுட்டா பாவம், கையில பூவே இல்ல. ஆட்டிக்கிட்டே இருக்கறா பாருங்க. கீழ. கீழ.

இங்கதானுங்க சாஞ்சுது. லோகு வந்தது இந்தப் பக்கமா இருக்கோணும். படத்துல உழுகல.

இன்னொருக்காப் போடட்டுங்களா? ஏனுங்க, போன எதுக்கு மடியில கவுத்து வெக்கறீங்க? சரி, குடுங்க.

அவிநாசி வந்துருச்சு. அஞ்சு நிமிசம் நிக்கும், டீக் குடிக்கறீங்களா? இருங்க, இருங்க. எந்திரிச்சு வர்றாளே. நம்ம பக்கந்தான் வர்றா. மூணு வாரத்துல மொதத் தடவையாத் தானா வர்றாளுங்க. என்ன புள்ள, தண்ணி வேணுமா? கை வலிக்குதா? உக்காரு, இவரு கொஞ்சம் தள்ளிக்குவாரு. சொல்லு, இவரு நம்ம ஆளுதான்.

...

கேட்டீங்களா, தம்பி? கேட்டீங்களா என்ன சொல்லீட்டுப் போறான்னு? விசாரணையில என்ன சொல்லப் போறான்னு என்றகிட்ட ஒருக்காச் சொல்லீறோணும்னு வந்தாளாமா. மேல இருந்து பாத்தப்ப ஊர்ல அத்தனை பேர் மூஞ்சியும் தெரிஞ்சுதாமா. எல்லாரும் அண்ணாந்து பாத்துட்டிருந்தாங்களாமா. தேர்முட்டிக்கிட்ட லோகு மூஞ்சி, பக்கத்துல துண்டு மேல அவன் வண்டி, எல்லாந் தெரிஞ்சுதாமா. என்னைப் பாத்து, உங்க மூஞ்சி மட்டுந்தானுங்க தெரியல, தலைதான் தெரிஞ்சுது, குனிஞ்சிருந்துச்சுங்கறா. கூட்டாளி நான் பக்கத்துல இல்லாதப்ப நீங்க எப்படிங்க உட்டீங்கன்னு கேக்கறா.

அவ்வளவு உசரத்துல இருந்து தலையப் பாத்து ஆள் அடையாளம் தெரியுமுங்களா? மொட்டைத்தலை ஊர்ல எனக்கு மட்டுந்தான் இருக்குதா? ஸ்கிரீனைப் பாக்காம எப்படிங்க படம் புடிக்கறது? ஒரு ரெண்டு நொடி. அவ மூஞ்சியத்தானே பாத்தேன். வேற எதையாவது பாத்தேனா?

நானே போயி அவ பக்கத்துல உக்காந்து பக்குவமாச் சொல்றேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. அவளுக்கு வெவரம் பத்தாது. பக்கத்துச் சீட்டு காலியாத்தான்... இல்ல. பையை எடுத்து வெச்சுட்டா. மடியில இருந்த பையை எடுத்துச் சீட்டுல வெச்சுட்டா, பாத்தீங்களா?

ஏனுங்க தம்பி, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? இது அவிநாசிங்க, காந்திபுரம் இன்னும் வரல. பின்னால எதுக்குப் போறீங்க? கடைசிச் சீட்டு தூக்கித் தூக்கிப் போடுமுங்க. இங்கயே உக்காருங்க, இன்னும் நோட்டை உங்களுக்குக் காட்டவே இல்லையே.